சோதனையும் ரகசியமும்: விடாத ஆசையைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு கண்டுகொண்டது என்ன?

"விட்டுடணும்னுதான் நினைக்கிறேன், முடியலை." குடி, சிகரெட், சூதாட்டம், ராத்திரி 2 மணிக்கும் கையை விட்டு இறங்காத போன் என்று எதைப் பற்றிப் பேசினாலும் இந்த ஒரு வாக்கியம் மாறுவதில்லை. ஆசைப்படுகிற அதே ஆள்தான் அந்த ஆசை வேண்டாம் என்றும் சொல்கிறார். அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் போய் நிற்கிறார்?

கிறிஸ்தவ மரபு இந்தக் கேள்வியோடு கிட்டத்தட்ட 2000 வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அது பற்றிப் படித்துச் சேர்த்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். பவுலில் ஆரம்பித்து எகிப்துப் பாலைவனம், 1915-ல் இந்தியா, 1935-ல் அமெரிக்காவில் ஒரு ஹோட்டல், கடைசியில் நம்மூர் என்று பயணம் கொஞ்சம் நீளம். எல்லா இடத்திலும் ஒரே விஷயம் திரும்ப வருகிறது என்பதால்தான் இத்தனை இடத்தையும் தொடுகிறேன். விடாத ஆசை ரகசியத்தில் உயிர் வாழ்கிறது. இன்னொரு மனுஷரிடம் அதை வாய்விட்டுச் சொல்லும்போது அதன் பிடி தளர ஆரம்பிக்கிறது.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழ் பைபிளில் இதற்கு 'சோதனை' என்ற சொல்தான் வருகிறது. ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்பதற்கும் அதுதான், பாலைவனத்தில் இயேசுவைச் சாத்தான் சோதித்தான் என்பதற்கும் அதுதான். ஒன்று பரீட்சை, இன்னொன்று ஆசைகாட்டி இழுப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் 'பைராஸ்மோஸ்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. அந்த வகையில் தமிழ் கிரேக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இதனால் ஒரு சிக்கலும் வந்தது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சோதனை பற்றி ஒரு வேண்டுதல் இருக்கிறது. நம்மூர் புராட்டஸ்டன்ட் சபைகள் சொல்லும் வடிவத்தில், எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதே என்று கடவுளையே கேட்கிற மாதிரி இருக்கும். அப்படின்னா சோதனைக்குள் தள்ளிவிடுவது கடவுளா? 2017 டிசம்பரில் போப் பிரான்சிஸ் இத்தாலிய மொழிபெயர்ப்பைப் பற்றி இதே கேள்வியை எழுப்பினார். தள்ளிவிடுவது கடவுள் இல்லை, விழுவது நாம் என்பது அவர் வாதம். 2020-ல் இத்தாலியத் திருப்பலிப் புத்தகத்தில் அந்த வரி மாறியது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் ஜெபத்தில், அதில் எங்களை விழ விடாதே என்ற அர்த்தம் அதற்கு முன்பே இருந்தது.

இதில் நமக்கு வேண்டியது ஒரு விஷயம். இயேசுவே சோதிக்கப்பட்டார் என்று சுவிசேஷம் சொல்கிறது என்றால், ஆசை வருவதே பாவம் என்று சொல்ல முடியாது. வருவது வேறு, அதற்கு உட்காரப் பாய் போட்டுக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரும்.

மன உறுதி ஏன் போதவில்லை

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 7-ம் அதிகாரம், முன்னால் சொன்ன 'முடியலை' வாக்கியத்தின் பழைய வடிவம். விரும்புகிற நல்லதைச் செய்யாமல், வெறுக்கிற கெட்டதையே செய்கிறேன் என்று புலம்புகிறார். இன்னொரு கடிதத்தில் தன் உடம்பில் ஒரு 'முள்' இருப்பதாகவும், எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை வேண்டியும் அது போகவில்லை என்றும் எழுதுகிறார். என்ன முள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அகஸ்டின் (354-430) இதை இன்னும் பிரித்துப் பார்த்தார். கோணலான விருப்பத்தில் ஆசை பிறக்கிறது, ஆசைக்கு இடம் கொடுத்தால் பழக்கம், பழக்கத்தைத் தடுக்காவிட்டால் கட்டாயம். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கோத்துக்கொள்ளும் சங்கிலி. இன்றைக்கு அடிமைத்தனம் பற்றிப் பேசும் மருத்துவரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் சொல்வார். 386-ல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகஸ்டின் மனம் மாறிய கதை பிரபலம். அதே புத்தகத்தில் பின்னால், ஆயராக ஆன பிறகும் பழைய ஆசைகள் கனவில் வந்து தொல்லை கொடுப்பதை அவரே எழுதியிருக்கிறார். இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

'நினைக்காதே' என்று மனசுக்கு உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அடக்கி வைத்தது வட்டியோடு திரும்பியது.

குகைவாசிகள் கண்டுபிடித்தது

நான் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விருபாட்ச குகை அந்த மலையில்தான். தனியாகப் போய் உட்கார்ந்து மனசைக் கவனிப்பது என்றால் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 4-ம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்துக்குப் போன கிறிஸ்தவத் துறவிகளும் அதைத்தான் செய்தார்கள். அவர்களில் மனசின் இயக்கத்தை முறையாக எழுதி வைத்தவர் எவாக்ரியஸ்.

இவர் கான்ஸ்டான்டிநோபிளில் பேரும் புகழுமாக இருந்தவர். அங்கே கல்யாணமான ஒரு பெண் மேல் காதல் வந்துவிட்டது. ஊரை விட்டுப் போய்விடுவதாக ஒரு கனவில் சத்தியம் செய்து, எருசலேமுக்கு ஓடினார். அங்கே போயும் பழைய ஆடம்பரம் ஒட்டிக்கொண்டது. பிறகு காய்ச்சலில் படுத்தவர் 6 மாசம் எழுந்திருக்கவில்லை, வைத்தியர்களுக்கும் பிடிபடவில்லை. மடம் நடத்திக்கொண்டிருந்த மெலானியா என்ற அம்மையார் வந்து, உன் மனசில் என்ன இருக்கிறது, சொல் என்று கேட்டார். எவாக்ரியஸ் முழுக் கதையையும் கொட்டினார். சில நாளில் எழுந்துவிட்டார் என்று அவருடைய சீடர் பல்லாடியஸ் எழுதி வைத்திருக்கிறார். காய்ச்சல் எதனால் போனது என்ற ஆராய்ச்சியை விடுங்கள். கனவில் செய்த சத்தியத்தால் முடியாதது ஒரு மனுஷியிடம் சொன்ன பிறகு நடந்தது என்பதைக் கவனித்தால் போதும்.

எகிப்துக்குப் போன எவாக்ரியஸ், துறவியைத் தொந்தரவு செய்யும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பணத்தாசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், கர்வம். பிற்காலத்தில் பிரபலமான 'ஏழு பெரும்பாவங்கள்' இந்தப் பட்டியலிலிருந்து வந்தவைதான். அவர் இவற்றை 'எண்ணங்கள்' என்றே அழைத்தார். எண்ணம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய அடிப்படை.

அதனால் எண்ணத்தைக் கவனிக்கச் சொன்னார். எது வருகிறது, எப்போது வருகிறது, எதற்குப் பின்னால் வருகிறது? சலிப்பைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்தும். உச்சி வெயிலில் வரும், சூரியன் நகராத மாதிரி இருக்கும், யாராவது வருகிறார்களா என்று ஜன்னலையே பார்க்க வைக்கும், இந்த இடமும் வேலையும் வேண்டாம் என்று தோன்றவைக்கும். மதியம் 3 மணிக்கு ஆபீஸில் காரணமே இல்லாமல் போனை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும்.

அடுத்த படி, எண்ணத்தை மூத்த துறவியிடம் சொல்வது. செய்த தப்பை மட்டும் இல்லாமல், செய்யத் தோன்றியதையும் சொல்லிவிட வேண்டும். காசியன் என்பவர் பதிவு செய்த ஒரு கதை உண்டு. செராபியன் சின்னப் பையனாக ஒரு துறவியிடம் இருந்தபோது, தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு ரொட்டியை மடியில் ஒளித்துக்கொண்டு போய் ரகசியமாகத் தின்பான். தின்றபின் கிடைத்த சுகத்தைவிடக் குற்ற உணர்ச்சி பெரிசு, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் பெரியவர் ரகசியமான ஆசைகளின் பலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பையன் அழுதபடி ரொட்டியை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டான். நீ வாய் திறந்ததே உன்னை விடுவித்தது என்று பெரியவர் சொன்னாராம். அதன்பின் அந்த ஆசை திரும்ப வரவில்லை.

எல்லாருக்கும் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. எவாக்ரியஸ் 399-ல் இறந்தார். உடல் ஆசை என்னைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது இந்த மூன்று வருஷமாகத்தான் என்று சாகும் தறுவாயில் சொன்னதாகப் பல்லாடியஸ் எழுதுகிறார். இந்தத் துறையில் பாடப்புத்தகமே எழுதினவருக்குப் பாலைவனத்தில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1915: பெரிய கூட்டங்களும் ஒரு சந்தேகமும்

இப்போது ஒரு பெரிய தாவல். 1915-ல் ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூதரன் போதகர், நற்செய்தியாளர் ஷெர்வுட் எடியோடு இந்தியாவுக்கு வந்தார். எடி ஏற்கெனவே தமிழ் கற்றுத் தமிழ்நாட்டில் வேலை செய்தவர். இந்தப் பயணத்தில்தான் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேலோடும் புக்மனுக்கு நட்பு ஏற்பட்டது.

இந்தியாவில் புக்மன் 60,000 பேர் வரை கூடிய கூட்டங்களில் பேசினார். ஆனால் அவருக்கு அதில் திருப்தி இல்லை. பேண்டு வாத்தியம் முழங்க முயல் பிடிக்கப் போகிற கதை என்று கிண்டலடித்தார். ஆளை ஆள் தனியாகச் சந்தித்து, தன் தோல்வியை முதலில் தான் சொல்லி, அடுத்தவர் மனசைத் திறக்கவிடுவது அவர் வழி. பிற்பாடு 'ஆக்ஸ்போர்ட் குழு' என்று பெயர் பெற்ற அவருடைய இயக்கம் இந்தப் பகிர்தலை மையமாக வைத்தது. சின்னக் குழு, வெளிப்படையான ஒப்புதல், பாதிக்கப்பட்டவரிடம் போய்ச் சரிசெய்வது, தினமும் அமைதியாக உட்கார்ந்து கடவுளைக் கேட்பது.

1935: ஒரு ஹோட்டல் லாபி

இந்தக் குழுவின் வழியாகக் குடியை நிறுத்தியவர்களில் ஒருவர் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன். 1934 டிசம்பரில் நிறுத்தினார். அடுத்த மே மாதம் ஓஹியோ மாநிலம் ஆக்ரான் நகரத்துக்கு ஒரு வியாபாரத்துக்காகப் போனார், அது படுத்துவிட்டது. கையில் காசு குறைவு, தெரிந்தவர் யாரும் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம். ஹோட்டல் லாபியின் ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் ஊரில் உள்ள சர்ச்சுகளின் பட்டியலும் ஒரு டெலிபோனும்.

வில்சன் போனை எடுத்தார். ஒரு போதகரைப் பிடித்து, அவர் மூலம் இன்னும் சிலரைப் பிடித்து, இந்த ஊரில் குடியிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஒருவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். உபதேசம் கேட்க வேண்டும் என்றோ தனக்காக ஜெபிக்க ஆள் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை.

மறுநாள் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். அவர் ஏற்கெனவே இரண்டு வருஷத்துக்கு மேலாக ஆக்ஸ்போர்ட் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பைபிள் படித்தார், ஜெபம் செய்தார், குடி மட்டும் நிற்கவில்லை. வெகுநாள் அந்தக் குழுவில் தன் குடியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தவர் அவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பல மணி நேரம் பேசிவிட்டுப் போனார். வில்சன் தன் கதையைத்தான் சொன்னார். தன் மொழியில் பேசுகிற ஒரு ஆளை ஸ்மித் முதல்முறையாகச் சந்தித்தார்.

நடுவில் ஒருமுறை சறுக்கினார். பிறகு 1935 ஜூன் 10-ம் தேதி கடைசியாகக் குடித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. நிறுத்திய பிறகும் சுமார் இரண்டரை வருஷம் குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் தன்னை விடவில்லை என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார். ஏக்கம் இருந்தது, குடிக்கவில்லை. 1950-ல் இறக்கும்வரை குடிக்கவில்லை.

பிறகு ஏ.ஏ. ஆக்ஸ்போர்ட் குழுவிலிருந்து பிரிந்தது. 1939-ல் வந்த அதன் புத்தகத்தில் உள்ள 12 படிகளில், என்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதும், தன் தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனுஷரிடமும் சொல்வதும், கெடுதல் செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வதும் அப்படியே இருக்கின்றன. கடவுள் யார் என்பதை மட்டும் அவரவர் புரிதலுக்கு விட்டுவிட்டார்கள். 1957-ல் இந்தியாவுக்கு வந்த ஏ.ஏ. கூட்டத்தில் இன்றைக்கு அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டும் ஒருவர் உட்காரலாம், அல்லாவை நினைத்துக்கொண்டும் உட்காரலாம்.

இது உண்மையில் வேலை செய்கிறதா? 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது, மொத்தம் 10,565 பேர். முறைப்படி ஏ.ஏ.வோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். பெரிய அற்புதம் இல்லைதான். பாதிக்கு மேல் அங்கேயும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் காசு வாங்காத, டாக்டர் இல்லாத ஒரு கூட்டத்துக்கு இது சாதாரண விஷயமும் இல்லை.

நம்மூரில் மாட்டிக்கொள்ளும் இடம்

நம்மூரில் குடியை விட வழக்கமாக என்ன செய்கிறார்கள்? கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள், ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாலை போட்ட ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுகூடத் தொடாதவர்கள் ஏராளம். கூடவே மாலை போட்ட சாமிகள், ஊரே 'சாமி' என்று கூப்பிடும் மரியாதை, விடிகாலைக் குளியல் எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. மாலையைக் கழற்றியதும் அந்தத் தாங்கல் மொத்தமாகப் போய்விடுகிறது. நற்செய்திக் கூட்டத்தில் கையைத் தூக்கி ஒப்புக்கொடுத்துவிட்டு, மறுவாரம் பழைய இடத்தில் நிற்பவர் கதையும் இதேதான். அன்றைய ராத்திரி நிஜம். அடுத்த நாள் காலையில் அவர் தனி ஆள்.

சத்தியத்துக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. அது ஒரு தடவை உடைந்தால் மொத்தமும் போச்சு என்ற கணக்கு. உடைந்ததை வெளியே சொல்ல முடியாது, மானம் போகும். அதனால் மறைக்க வேண்டும். மறைத்தால் மறுபடி தனிமை, தனிமையில் மறுபடி அதே ஆசை. ஒருவர் குடிப்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். 'எனக்கு இது கட்டுப்பட மாட்டேங்குது' என்று அவர் வாயால் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஊருக்குத் தெரிந்த ரகசியமும் அவருக்கு ரகசியம்தான்.

கிறிஸ்தவ விசுவாசம் இந்த இடத்தில் வைக்கும் வாதத்தைக் கவனிக்க வேண்டும். திருந்தின பிறகு வா என்று அது சொல்வதில்லை. ஊதாரி மகன் கதையில், மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். ஏற்றுக்கொள்வது முதலில், திருந்துவது பிறகு. இதைத்தான் 'கிருபை' என்கிறார்கள். வாய் திறந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். தள்ள மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் மடியில் இருக்கும் ரொட்டி மேஜைக்கு வரும். பல சபைகள் நடைமுறையில் இதற்கு நேர்மாறாக, பளபளப்பான சாட்சிகளை மட்டும் மேடையேற்றுகின்றன. அங்கே சறுக்கினவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார்.

நடைமுறைக்கு

ஒன்று, தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபத்தோடு ஆஸ்பத்திரியும் வேண்டும். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய் என்பதைத் தமிழ்நாட்டில் பதியவைத்த முக்கியமான இடம். மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்ற அரசு எண்கள் இருக்கின்றன.

இரண்டு, யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். அடுத்த சண்டையில் அதை எடுத்து வீசுகிறவரிடம் வேண்டாம். வாட்ஸ்ஆப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். அதே குழியிலிருந்து ஏறி வந்தவர், அல்லது கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒருவர் போதும்.

மூன்று, எண்ணம் சின்னதாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் கவனிக்கச் சொல்வார்கள் ஏ.ஏ. ஆட்கள். விழுந்த பிறகு வரும் ஒப்புதலைவிட, 'இப்ப தோணுது' என்று சொல்லும் ஒரு போன் கால் பெரிசு. ஆக்ரான் லாபியில் நடந்தது அதுதான்.

நான்கு, ஆசை மொத்தமாக மறைந்தால்தான் ஜெயம் என்று நினைத்தால் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவோம். பவுலின் முள் போகவில்லை, அகஸ்டினின் கனவு நிற்கவில்லை, ஸ்மித்துக்கு இரண்டரை வருஷம் ஆனது. அவர்கள் ஜெயித்தது ஆசை இல்லாததால் இல்லை. அது வந்து கதவைத் தட்டும்போது வீட்டுக்குள் அவர்கள் தனியாக இல்லை.